நெவிலுக்குப் பக்கத்து நாற்காலி

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவின் பேண்டு அறை. நடுவில் ஒரு குறுகலான சாலை, அவ்வளவுதான். எங்கள் ஊரான ஹாதர்க்ளஃப்பில் யாருக்கு என்ன நடந்தாலும் அது முதலில் அந்தக் கதவு வழியாகத்தான் போகும். போகும்போது என் சன்னலைத் தாண்டித்தான் போகும். நான் எட்டிப் பார்க்கிறேன் என்று சிலர் சொல்வதுண்டு. எட்ட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் சமையலறைத் தொட்டி சன்னலுக்கு அடியில் இருக்கிறது. பாத்திரம் கழுவுகிறவள் கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்? செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் என் வீட்டில் பாத்திரம் கொஞ்சம் அதிகமாகச் சேரும். என்ன செய்ய, அப்படி அமைந்துவிட்டது.

செவ்வாய் சாயங்காலம் சின்னவர்கள் பேண்டு. அது முடிந்ததும் பெரியவர்கள் பேண்டு. சின்னவர்கள் ஊத ஆரம்பித்தால் எங்கள் தெரு நாய்கள் எல்லாம் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். பெரியவர்கள் ஆரம்பித்ததும் திரும்பி வரும். இசை விமர்சனத்துக்கு எங்கள் ஊரில் வேறு ஆள் தேவையில்லை.

சின்னவர்களை நடத்துகிறவள் கிளெனிஸ். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. நாற்பது தாண்டியவள். புருஷன் ஒருநாள் பிளாக்பூலுக்குப் போனான், திரும்பவில்லை. கடலில் விழுந்துவிட்டானா என்று கேட்காதீர்கள், விழவில்லை. அங்கே ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறான். பிள்ளை குட்டி கிடையாது. செவ்வாய்க்கிழமை மட்டும் பதின்மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு மூக்குத் துடைத்து, ஷூ நாடா கட்டி, பேண்டு அலமாரியில் இருக்கும் பழைய கார்னெட்டுகளை, அந்தக் குட்டிப் பித்தளை ஊதுகுழல்களை, தன் வீட்டுக் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டிக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். பேண்டு அறையில் டீ போடுவது என் முறை வரும்போது நானே பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையையும் "தப்பு" என்று அவள் சொன்னதில்லை. பன்றி கத்துவது போல ஒரு சத்தம் வந்தால்கூட, "கிட்டத்தட்ட வந்துடுச்சு கண்ணு" என்பாள்.

"உதட்ட இறுக்காத. டீ குடிக்கறப்ப நாக்கு நுனியில தூள் ஒட்டிக்கிச்சுன்னா எப்படித் துப்புவ? து! அப்படி. அந்தத் துப்பக் குழாய்க்குள்ள துப்பு."

"எங்க வீட்டுல பை டீதான், கிளெனிஸ். தூளே வராதே" என்றாள் மாண்டி. எட்டு வயது, முன்பல் இரண்டும் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன.

"அப்ப உன் தம்பி உன் மேல பிஸ்கட் துப்புவான்ல, அப்படி."

அது மாண்டிக்கு உடனே புரிந்தது. அவள் வீட்டு நிலவரம் அப்படி.

இந்தப் பதின்மூன்று பேரில் உண்மையாக வாசிக்கத் தெரிந்தது ஒருத்திக்கு மட்டும்தான். ரோஸ்லின், பன்னிரண்டு வயது. மற்றவர்கள் அவளைக் கேட்டுக்கொண்டே ஏறுவார்கள், அவரைக்கொடி கொம்பைப் பிடித்து ஏறுகிற மாதிரி. பின்வரிசை தடுமாறினால் அவள் கார்னெட்டின் வாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி, சற்று உரக்க ஊதுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அழுகிற பிள்ளையைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில்தான் கிளெனிஸ் உட்கார வைப்பாள். மூன்றாவது வாரம் அழுகை நின்றிருக்கும்.

ரோஸ்லினின் அப்பா நெவில் ஹர்ஸ்ட். ஆலையில் சாயப்பட்டறையில் வேலை. விரல் நகங்கள் அந்தந்த வாரத்து நிறத்தில் இருக்கும். பெரியவர்கள் பேண்டில் ஃப்ளூகல் வாசிப்பான். கார்னெட்டுக்குத் தடித்த, அமைதியான அக்கா ஒருத்தி இருந்தால் அதுதான் ஃப்ளூகல். கோபக்காரர்கள் நிறைந்த வீட்டில் ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்போமே, நெவில் வாசித்தால் அப்படி இருக்கும்.

அவனுக்குப் பக்கத்தில் கார்னெட்காரர் ஒருவரின் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் கனடாவில் இருக்கும் மகனோடு போய்விட்டதிலிருந்து அது காலி. போட்டி வந்தால் பக்கத்து ஊரிலிருந்து யாரையாவது கடன் வாங்கி உட்கார வைப்பார்கள். மற்ற நாட்களில் யாராவது அந்த நாற்காலியில் கோட்டைப் போட்டால் நெவில் எடுத்துக் கீழே போடுவான். "கோட்டுக்குக் கொக்கி இருக்குல்ல? இது எங்க ரோஸ்லினுக்கு" என்பான். வேறெதற்கும் ஆசைப்படாத மனுஷன். சொந்த வீடு, கார், ஸ்பெயினில் விடுமுறை என்று ஊரே அலைந்தபோது அவனுக்கு இருந்தது இந்த ஒரு நாற்காலி ஆசை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தாளைப் பார்த்து, அப்பாவும் மகளும் சேர்ந்து மூச்சு எடுக்க வேண்டும்.

செப்டம்பரில் பெரியவர்கள் பேண்டை நடத்துகிற கிளிஃபர்ட், பேண்டு அறை வாசலில் கிளெனிஸிடம் வந்து கேட்டார். நான் வேலிச்செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த ஓரத்தைத்தான் கத்தரிக்க வேண்டியிருந்தது.

"என்ன கண்ணு, ரோஸ்லின மேல அனுப்பேன். பொண்ணு வாசிப்பு பழுத்தாச்சு" என்றார் கிளிஃபர்ட்.

"பன்னெண்டு வயசுங்க. இன்னும் செங்காயி" என்றாள் கிளெனிஸ்.

"நீ பத்து வயசுல வந்து உக்காந்தியே."

"உக்காந்து என்ன கிழிச்சேன்? சாப்பாடு பரிமாறிட்டிருக்கேன். கிறிஸ்துமஸ் வரட்டும் கிளிஃபர்ட். சதுக்கத்துல பிள்ளைங்க பாட்டு வாசிக்கணும். இவ இல்லேன்னா அத்தனையும் பொலபொலன்னு உதிர்ந்துடும். அப்புறம் அம்மாமாருங்க வந்து, 'எம்பிள்ளைக்கு வரல, கராத்தேக்கு அனுப்பறேன்'னு ஒவ்வொண்ணாக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

நெவில் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"நீ என்ன சொல்ற?" என்று கிளிஃபர்ட் அவனைக் கேட்டார்.

"கிளெனிஸ் சொல்றபடி" என்றான்.

அதைச் சொல்லும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டான். இருமல் என்று நினைத்தேன்.

நவம்பரில் பேண்டு அறையில் பை விருந்து. மொறுமொறு மாவு ஓட்டுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பை, அதன்மேல் குழைய வேகவைத்த பட்டாணி. பை நான் செய்தது. ஊரில் என் பையைக் குறை சொன்னவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் யாரும் மிச்சம் வைத்ததில்லை. நெவில் மேலோட்டை அப்படியே தட்டின் ஓரம் ஒதுக்கிவிட்டுப் பட்டாணியைக் கரண்டியால் சாப்பிட்டான்.

"என்ன நெவில், என் பையில சிமெண்ட் கலந்திருக்கா?"

"சேச்சே. வயிறு நெறஞ்சிடுச்சு, நோரா."

அதோடு வியாழக்கிழமைதோறும் இஸ்திரி போட்ட சட்டையோடு ஹடர்ஸ்ஃபீல்டு பஸ் ஏறினான். மெலிந்துகொண்டே வந்தான். சாப்பாட்டைக் குறைத்து, சட்டையை இஸ்திரி போட்டு, நகரத்துக்குப் போகிற ஆம்பிளையைப் பற்றி ஒரு ஊர் என்ன பேசுமோ அதை எங்கள் ஊரும் பேசியது. ரொட்டிக் கடையில், அவன் பார்க்கப் போகிற பெண்ணுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அவன் மனைவி பெரிலின் காதுக்கும் அது போனது. அவள் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கோதுமை ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். மெத்தென்ற ரொட்டியாகப் பார்த்து வாங்கினாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. சதுக்கத்தில் பனியில் நின்று பிள்ளைகள் வாசித்தார்கள். ரோஸ்லின் நடுவில் நின்று இழுத்துக்கொண்டு போக, மற்றவர்கள் பின்னால் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அம்மாமார்கள் அழுதார்கள். கராத்தே பேச்சே இல்லை.

கிறிஸ்துமஸ் காலையில் பெரியவர்கள் வழக்கம்போல் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வாசலில் நின்று வாசித்தபோது ஃப்ளூகல் வர வேண்டிய இடத்தில் ஒரு நொடி வெறும் குளிர்தான் வந்தது. குளிரில் உதடு மரத்திருக்கும் என்று நான் ஒரு மடக்கு ஷெர்ரி ஒயின் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் வாயின் ஒரு பக்கமாகக் குடித்தான்.

ஜனவரியில் நெவில் தானாகவே கிளெனிஸிடம் வந்தான். நான் டீ அறையில் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சுதே, கிளெனிஸ்."

"முடிஞ்சுது. நல்லா இருந்துச்சுல்ல?"

"நல்லா இருந்துச்சு. ரோஸ்லின இப்ப மேல விடலாமே."

"அடப்பாவி, விட் வெள்ளிக்குப் பேர் குடுத்துட்டேனே!"

பெந்தெகொஸ்துக்கு அடுத்த வெள்ளி எங்கள் பக்கத்தில் ஊர்த் திருவிழா மாதிரி. மலைக் கிராமம் ஒவ்வொன்றிலும் பேண்டுகள் ஊர்வலம் போய், திரைபோட்ட சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு வாசிப்பார்கள். யார் வாசிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியக்கூடாது. சின்னவர்களுக்கும் ஒரு பரிசு உண்டு. எங்கள் சின்னவர்கள் ஒருதரம்கூடப் போனதில்லை.

"ஜூன்லதானே அது" என்றான் நெவில்.

"ஜூன்தான். அஞ்சு மாசம். எங்க ஓடிப் போயிடப் போற? நாற்காலி உன் பக்கத்துலதான் இருக்கு, அதுக்குக் காலு இருக்கு, நடக்காது."

அவன் சிரிக்கவில்லை. "அஞ்சு மாசமா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஏன், என்ன அவசரம்? எதாவது விஷயமா?"

நான் குழாயைக் கொஞ்சம் மெதுவாகத் திருகினேன்.

"ஒண்ணுமில்ல. பிள்ளைங்க பாவம். நீ சொல்றபடியே ஆகட்டும்."

மார்ச் மாதம் அது வெளியே வந்தது. ஒத்திகை தொடங்குமுன் உதட்டைச் சூடாக்க ஒரு பாமாலைப் பாட்டை எப்போதும் வாசிப்பார்கள். அன்று நெவில் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கிளிஃபர்ட் கையை உயர்த்தினார். இரண்டாவது வரியில் ஃப்ளூகல் தனியாக வர வேண்டும். வந்தது. பொத்தல் விழுந்த பையிலிருந்து காற்றுப் போவது போல ஒரு சத்தம். கிளிஃபர்ட் நிறுத்தினார். மறுபடி. அதே சத்தம்.

"என்ன நெவில்?"

நெவில் எழுந்தான். கருவிக்குள் இருந்த தண்ணீரை வடித்தான், துணியால் துடைத்தான், பெட்டியில் வைத்தான். கோட்டுகூட வைக்க விடாத அந்தப் பக்கத்து நாற்காலியில் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போனான். அவன் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. கன்னம் உள்ளே வாங்கியிருந்தது. மேல்வரிசை முழுக்கப் பல்செட். உதட்டுக்குப் பின்னால் சொந்த முன்பல் தாங்காவிட்டால் ஃப்ளூகலில் காற்றுதான் வரும்.

ஈறு நோய். செப்டம்பருக்கு முன்பே பல் ஆட ஆரம்பித்திருக்கிறது. ஹடர்ஸ்ஃபீல்டில் பல் மருத்துவர் முடிந்தவரை இழுத்துப் பார்த்திருக்கிறார். குளிர்காலத்தைத் தாண்டாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். வீட்டில் பெரிலுக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். மகளிடம்கூட. புருஷனுக்கு வேறொருத்தி என்று ஊர் சொன்னபோது, பல்லா பெண்ணா என்று பெரில் யோசித்து, பெண்ணே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பேண்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது கணக்கு. பெண் விஷயம் ஆறு மாதத்தில் மறந்து போகும். முன்பல் போனவன் நாற்காலி அன்றைக்கே போகும்.

அடுத்த செவ்வாய் சின்னவர்கள் வருவதற்கு முன், சீருடைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க நெவில் வந்தான். கிளெனிஸ் இசைத்தாள் நிறுத்திகளை விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "பல்லுன்னு ஒரே ஒரு வார்த்தை. அன்னிக்கே, அந்த நிமிஷமே அவள மேல அனுப்பியிருப்பேனே!"

"எங்க சொல்றது? இந்த ஊர்ல சுவத்துக்குக் காது இருக்கோ இல்லையோ, டீ அறைக்கு இருக்கு."

நான் கப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என் காதோட சொல்லியிருக்கலாம்ல?"

"நம்ம பேண்டுல கார்னெட் வாசிச்ச ஜாக்குக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா? பல்லு ஆடுதுன்னு ஒருத்தன்கிட்டதான் சொன்னான். எல்லாரும் ரொம்ப அன்பா இருந்தாங்க. அடுத்த வாரம் கையில முக்கோணக் கம்பியக் குடுத்துப் பின்னால நிக்க வெச்சுட்டாங்க. ஒரு பாட்டுக்கு நாலு தரம் டிங்கு." நெவில் கோட்டை மடித்தான், மறுபடி மடித்தான். "அவளோட ஒரே ஒரு சீசன் வாசிக்க ஆசப்பட்டேன், கிளெனிஸ். அவ வர வரைக்கும் பல்லு தாங்கும்னு நெனச்சேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்குச்சு."

கிளெனிஸ் விரித்த நிறுத்தியை மூடினாள், திறந்தாள்.

"உன்மேல தப்பில்ல" என்றான் அவன். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அன்றைக்கே ஒத்திகை முடிந்ததும் கிளெனிஸ் ரோஸ்லினைக் கூப்பிட்டாள். "இன்னிக்கு வீட்டுக்குப் போகாத கண்ணு. பெரியவங்களோட உக்காரு."

"விட் வெள்ளி?"

"அத நான் பாத்துக்கறேன்."

ரோஸ்லின் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஃப்ளூகலோடு ஒரு ஆள், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கடனாக வந்தவர், இருமல் மிட்டாய் வாசனை. அவர் மரியாதையாகத் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பொண்ணு தங்கமாக வாசித்தது என்று கிளிஃபர்ட் சொன்னார். நெவில் வெளியே விளக்குக் கம்பத்தடியில் காத்திருந்து வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

"போற வழியில என்ன பேசினாங்களாம்?" என்று பெரிலிடம் நாசூக்காகக் கேட்டேன்.

"அந்தாளு நல்லா வாசிக்கறாருப்பா, ஆனா மூச்சு எடுக்கறது தப்பான எடத்துலன்னு இவ சொன்னாளாம். பழகிடும்னு அவர் சொன்னாராம். அவ்வளவுதான், நோரா. வேற ஒண்ணும் கெடையாது, போய்ச் சொல்லிக்க" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

கிளெனிஸுக்கு மனசு ஆறவில்லை. ஒரு ஞாயிறு என் வாசலுக்கு முன்னாலேயே நெவிலைப் பிடித்துவிட்டாள்.

"சின்னவங்களோட வந்து உக்காரு. ரோஸ்லின் எடத்துல."

"எட்டு வயசுப் பிள்ளைங்க நடுவுலயா? எனக்குக் கால் வெக்க எடம் இருக்காது."

"பாரிடோன் குழல் தரேன். அதுக்கு ஊதற வாய் பெருசு, பல்செட்டோட ஊதலாம்னு சொல்றாங்க. நீயும் மறுபடி கத்துக்கலாம். பிள்ளைங்களுக்கும் புடிச்சுக்க ஒரு கொம்பு வேணும். அவ போனதுல இருந்து ஒரு பாட்டும் முடிய மாட்டேங்குது, நெவில். விட் வெள்ளிக்கு இதுங்கள எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

பிள்ளைகளுக்காக என்று சொன்னால் அவனால் மறுக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

செவ்வாய் வந்தான். டீ முறை என்னுடையது இல்லை. முறைக்காரிக்குத் தலைவலி வந்திருக்கும் என்று தோன்றியதால் நான் போனேன். முழங்கால் தாடையில் இடிக்கிற மாதிரி அந்தக் குட்டி நாற்காலியில் நெவில் உட்கார்ந்திருந்தான். மடியில் பாரிடோன். ஒரு பக்கம் மாண்டி, இன்னொரு பக்கம் மூக்கு ஒழுகுகிற ஒரு பையன். பெரிய பேண்டின் ஃப்ளூகல்காரர் தங்களோடு உட்கார்ந்ததில் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ரோஸ்லினைப் பார்த்த மாதிரி, நம்பிக்கையோடு.

கிளெனிஸ் கையை உயர்த்தினாள். நெவில் மூச்சை இழுத்தான். அந்த மூச்சு மட்டும் பழைய மூச்சு, தோளே அசையாமல் அடிவயிறு வரை போய் நிறைகிற மூச்சு. ஊதினான். காற்று வந்தது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். மறுபடி ஊதினான். உள்ளே எதுவோ கிளுக்கென்றது.

"மிஸ்டர் ஹர்ஸ்ட்" என்றாள் மாண்டி, ரகசியம் சொல்வதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்க பல்லு கீழ வருது."

ஒரு பையன் சிரித்தான். நெவிலும் சிரித்தான். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தான். முகம் ஒரு நிமிஷத்தில் வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

"நீங்க வாசிங்க செல்லம்" என்றான், சொற்கள் ஈறில் வழுக்க. "நான் எண்ணறேன்."

"நெவில், வேணாம்" என்றாள் கிளெனிஸ். "இன்னிக்கு இத்தோட—"

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. முதல் வரி ஒரு மாதிரி போனது. இரண்டாவது வரியில் பின்வரிசை தனியாக ஒரு தெருவுக்குப் போய்விட்டது. மூன்றாவதில் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். மாண்டி ஒருத்தி மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் தக்காளி மாதிரி ஆகி, விடாமல் ஊதினாள். நெவில் காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான். ஒரு கார்னெட் வந்து சேர்ந்தது. பிறகு இன்னொன்று. அழகாக இருந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாட்டின் கடைசிவரை போனார்கள். ஏறக்குறைய ஒன்றாகவே போய் நின்றார்கள்.

ஒரு வினாடி அவர்களாலேயே நம்ப முடியவில்லை. பிறகு ஒரே கூச்சல். மாண்டி நாற்காலி மேல் ஏறிவிட்டாள். நெவில் கை தட்டினான்.

கிளெனிஸின் கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது. அவள் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள், புதிதாகப் பார்ப்பது போல. அவர்கள் புதியவர்கள் இல்லை. இதே பிள்ளைகள்தான் செப்டம்பரிலும் இருந்தார்கள். இதே பதின்மூன்றில், ரோஸ்லின் போக, பன்னிரண்டு.

அவள் கையை இறக்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பி, கொக்கிகளில் தொங்கிய பிள்ளைகளின் கோட்டுப் பைகளில் கைக்குட்டை தேடினாள், ஒன்றில் இல்லையென்றால் அடுத்ததில். நெவில் அவள் முதுகைப் பார்த்தான். அவனுக்கும் கணக்கு வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பல் இல்லாத முகத்தில் எதையும் மறைக்க முடியாது.

பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "இன்னொரு தரம்! கிளெனிஸ், இன்னொரு தரம்!"

"எண்ணட்டுமா?" என்று நெவில் கேட்டான்.

அவள் திரும்பவில்லை.

"எண்ணு" என்றாள்.